எம்.எஸ்சி.யில் குரோமேட்டின் ப்ராஜெக்ட்: கொளத்தூர் மீன் கடையிலிருந்து வைவா வரை

"கரு வளரும்போது குரோமேட்டின் அமைப்பு மரபணு வெளிப்பாட்டை எப்படிக் கட்டுப்படுத்துகிறது?" இந்தத் தலைப்பை எழுதிக் கொடுத்த அன்று என் கைடு கேட்டது ஒன்றுதான்: "எதுலம்மா செய்யப் போற?" எங்கள் வீடு காசிமேட்டில். அப்பா விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. யோசிக்காமல் "மீன்ல, மேடம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பத்து மாதமும் நாற்பதாயிரம் ரூபாயும் இருந்தது அப்போது தெரியாது.

ஏசி இல்லாத ஆய்வகம், பெரிய கருவிகள் இல்லாத கல்லூரி, சொந்தக் காசு. இப்படி ஒரு நிலையில் இதே தலைப்பை எடுக்கிற விலங்கியல், உயிரித்தொழில்நுட்ப மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விழுந்த குழிகளை முதலிலேயே காட்டிவிட்டால் உங்களுக்கு ஒரு செமஸ்டராவது மிஞ்சும்.

1. தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்

எம்.சி. ரோட்டுச் சேலைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஆயிரம் சேலை மடித்து இருக்கிறது. எது பிரித்துப் போடப்படுகிறதோ அதன் பார்டர்தான் கண்ணில் படும். செல்லுக்குள்ளும் டிஎன்ஏ மடிந்துதான் கிடக்கிறது. ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த ஓர் உருண்டையை 147 கார இணை (டிஎன்ஏ எழுத்து ஜோடி) நீள டிஎன்ஏ ஒன்றேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். அதுதான் நியூக்ளியோசோம். இப்படி டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்து கிடப்பதற்குப் பெயர்தான் குரோமேட்டின். ஜீனைப் படிக்க வருகிற புரதங்களுக்குச் சுற்றிய இடத்தில் கை வைப்பது கடினம், விரிந்த இடத்தில் எளிது. கருவின் எல்லாச் செல்லிலும் டிஎன்ஏ ஒன்றே. எங்கே சுற்று தளர்கிறது, எங்கே இறுகுகிறது என்பதில்தான் தசைச் செல்லும் நரம்புச் செல்லும் பிரிகின்றன.

இது தலைப்புக்குச் சரி, ப்ராஜெக்டுக்கு ஆகாது. ப்ராஜெக்டுக்கு நாலு மாதத்தில் பதில் கிடைக்கும் கேள்வி வேண்டும். ஜீப்ரா மீன் அதைத் தருகிறது. கருவுற்ற முட்டை முதல் சில மணி நேரம் தாய் போட்டு வைத்த எம்ஆர்என்ஏவிலேயே (ஜீன்களின் நகல்) ஓடுகிறது. கருவின் சொந்த மரபணுத்தொகுதி ஏறக்குறைய மௌனம். 28.5 டிகிரியில் சுமார் 3 மணி நேரத்தில், ஆயிரம் செல் கட்டத்தில், அது பெரிய அளவில் விழிக்கிறது. மிகச் சில ஜீன்கள் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கிவிடும். ஆகவே என் கேள்வி இது: விழித்துக்கொள்ளும் ஜீன்களின் தொடக்கப் பகுதியில், 3 மணி நேரத்துக்கும் 4.3 மணி நேரத்துக்கும் இடையில் நியூக்ளியோசோம் குறைகிறதா?

உங்கள் கேள்வியும் இவ்வளவு சின்னதாக இருக்கட்டும். ஹாக்ஸ் ஜீன்கள், பாலிகோம்ப், ஹிஸ்டோன் மெத்திலேற்றம் எல்லாவற்றையும் ஒரே ப்ராஜெக்டில் அடைத்து வந்த நண்பன் ஒருவன் கடைசியில் எழுதியது முன்னுரை மட்டும்தான்.

2. மீனுக்கு முன்னால் காகிதம்

என் முதல் தவறு இங்கேதான். ஜூலையில் தலைப்பு உறுதியான மறுவாரமே முப்பது மீன் வாங்கி வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைத்துவிட்டேன். பில் வாங்கவில்லை. மீனுக்கு யார் பில் கேட்பார்கள் என்ற நினைப்பு. நெறிமுறைக் குழு கேட்டது.

மீனும் முதுகெலும்புள்ள விலங்கு. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் சிசிஎஸ்இஏ அமைப்பில் உங்கள் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும். பழைய ஆவணங்களில் இதே அமைப்பு சிபிசிஎஸ்இஏ என்று இருக்கும், குழம்ப வேண்டாம். பதிவான நிறுவனத்தில் ஐஏஇசி என்ற விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும். அதற்கு "படிவம் பி" நிரப்பிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும்.

உங்கள் கல்லூரி பதிவாகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். பதிவான இன்னொரு நிறுவனத்தில் யாராவது இணை வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்வாரா என்று கைடை விட்டுக் கேளுங்கள். நீங்களே மின்னஞ்சல் போட்டால் பதில் வருவது அபூர்வம். கைடு ஃபோன் போட்டால் அடுத்த வாரமே வேலை நடக்கும்.

நான் கொடுத்த தாள்கள்: படிவம் பி, துறைத்தலைவர் கடிதம், ப்ராஜெக்ட் சுருக்கம் இரண்டு பக்கம், மீன் எண்ணிக்கைக்கான காரணக் கணக்கு, மீன் வாங்கும் இடத்தின் விவரம், தொட்டி வைக்கும் அறையின் விவரம், வேலை முடிந்தபின் மீனை என்ன செய்வேன் என்ற குறிப்பு. எண்ணிக்கைக் கணக்கில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். "30 மீன் தேவை" என்றால் போதாது. எத்தனை ஜோடி, ஒரு ஜோடி எத்தனை முட்டை, ஒரு சோதனைக்கு எத்தனை கரு, எத்தனை முறை திரும்பச் செய்வேன் என்று பெருக்கிக் காட்ட வேண்டும்.

இன்னொரு பொறி. "120 மணி நேரத்துக்கு முந்தைய மீன் கருவுக்கு அனுமதி தேவையில்லை" என்று சீனியர்கள் சொல்வார்கள். அது ஐரோப்பிய விதியிலிருந்து வந்த பேச்சு. கரு எதுவானாலும் தாய் மீனையும் தகப்பன் மீனையும் நீங்கள்தானே வளர்க்கிறீர்கள்? குழுவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கு: ஆகஸ்டில் கொடுத்தேன். குழு கூடியது அக்டோபரில். பில் இல்லை, மீன் வீட்டில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொடுத்து டிசம்பரில் ஒப்புதல். வருடத்துக்குச் சில முறைதான் குழு கூடும். அடுத்த கூட்டம் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு, அதற்கு மூன்று வாரம் முன்னால் கொடுத்துவிடுங்கள்.

மாடி மீன்களைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். இன்றும் வளர்க்கிறான்.

3. கொளத்தூரில் வாங்குவது

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வரம். ஜீப்ரா மீனுக்கு வெளியூருக்கு எழுதிப் போட வேண்டாம். பெரம்பூரிலிருந்து பஸ் ஏறினால் கொளத்தூர். தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள். கடையில் இதன் பெயர் "ஜீப்ரா டேனியோ", சிலர் வெறும் "ஜீப்ரா" என்பார்கள்.

"அண்ணே, ஆண் பதினஞ்சு, பெண் பதினஞ்சு தனித்தனியாப் பிடிச்சுக் குடுங்க."

"இன்னா தங்கச்சி, மீனுக்கு ஜாதகமா பாக்கப் போற? கலந்து எடுத்துக்கமா."

கலந்து எடுக்காதீர்கள். வயிறு உப்பி, வெள்ளியாகத் தெரிவது பெண். ஒல்லியாக, வயிற்றுப்புறத்திலும் அடித் துடுப்பிலும் லேசான பொன் மஞ்சள் ஓடினால் ஆண். ஒரு நிமிடம் கண் பழகினால் போதும். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு விட்டுப் பார்த்தால் இன்னும் சுலபம்.

நீளத் துடுப்பு வகையும் சிறுத்தைப் புள்ளி வகையும் அதே தொட்டியில் கலந்திருக்கும். இனம் ஒன்றுதான், ஆனால் உங்கள் ப்ராஜெக்டுக்குக் கோடு போட்ட சாதாரண வகையே நல்லது. ஊதா விளக்கில் ஒளிரும் பச்சை, இளஞ்சிவப்பு டேனியோவை யாராவது காட்டினால் தொடாதீர்கள். மரபணு மாற்றிய உயிரினத்துக்கு 1989 விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். அந்தத் தலைவலி எம்.எஸ்சி.க்கு எதற்கு?

இன்னொன்றையும் முதலிலேயே எழுதி வையுங்கள். கடை மீன் ஆய்வக வம்சம் அல்ல. ஒன்றுக்கொன்று மரபு வேறுபாடு நிறைய இருக்கும். அறிக்கையில் நீங்களாகவே குறிப்பிட்டால் நேர்மை, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் கண்டுபிடித்தால் குறை.

பில்லில் தேதி, எண்ணிக்கை, "ஜீப்ரா டேனியோ" என்ற பெயர், கடை முத்திரை நான்கும் இருக்க வேண்டும். ஒரு மீன் 15 ரூபாய்க்கு வாங்கினேன்.

4. தண்ணீர், விளக்கு, கோலிக்குண்டு

வந்த மீனை இரண்டு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். நான் இரண்டாவது தடவை வாங்கியதில் ஐந்து மீன் முதல் வாரத்திலேயே செத்தன. கடையில் கப்பில் விற்கும் சிவப்புப் புழுவை ஆசையாக வாங்கிப் போட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதன்பின் ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) முட்டையைப் பொரிக்க வைத்துப் போட்டேன், தொல்லை இல்லை.

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. லாரித் தண்ணீரில் குளோரின். இரண்டும் வேண்டாம். கேன் தண்ணீரில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் கடல் உப்புக் கலவை சேர்த்தேன். மீன் கடையிலேயே கிடைக்கும், கல் உப்பு அல்ல.

ஜீப்ரா விடியலில் முட்டையிடும். விடியல் எது என்று தீர்மானிப்பது நீங்கள். 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு வேண்டும். டைமரை காலை 8.30-க்கு விளக்கு எரியும்படி வைத்து, தொட்டியைக் கருப்புத் துணியால் மூடினேன். கல்லூரி திறந்தபின் விடிகிற மாதிரி. இந்த ஒரு ஏற்பாட்டை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பிப்ரவரியில் ஐந்தரை மணிக்கு வாட்ச்மேன் அண்ணனை எழுப்பியிருக்க மாட்டேன்.

முந்தின மாலை ஜோடிகளை நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்து விடுங்கள். காலையில் விளக்கு வந்ததும் தடுப்பை எடுங்கள். போட்ட முட்டையை அதே மீன்கள் தின்றுவிடும். அடியில் கோலிக்குண்டு பரப்பினால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் கிலோ கணக்கில் கோலி வாங்கியபோது கடைக்காரர் "எத்தினி பசங்க?" என்று கேட்டார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை டீ வடிகட்டியில் முட்டையை அரித்தெடுத்துத் தனித்தனித் தட்டில் போட்டு, நேரம் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினால் கட்டங்கள் கலந்து அன்றைய உழைப்பு வீண். மீன் கடை மெத்திலீன் நீலம் ஒரு துளி விட்டால் பூஞ்சை வராது.

5. கடிகாரத்தை நம்பாதீர்கள்

புத்தகத்தில் இருக்கும் "3 மணி நேரம்" என்பது 28.5 டிகிரிக்குச் சொன்னது. எங்கள் ஆய்வகத்தில் மார்ச் காலையில் 31 டிகிரி. இன்குபேட்டர் இருந்தாலும் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலையை 0.055-ஆல் பெருக்கி, 0.57 கழியுங்கள். வரும் எண்ணால் புத்தக நேரத்தை வகுத்தால் உங்கள் நேரம். 31 டிகிரியில் 3 மணி நேரக் கட்டம் 2 மணி 39 நிமிடத்திலேயே வந்துவிடும். 33 டிகிரியில் 2 மணி 25 நிமிடம். 25 டிகிரியில் 3 மணி 44 நிமிடம். 25-க்கும் 33-க்கும் இடையில் மட்டும் இந்தக் கணக்கை நம்பலாம்.

என் முதல் மூன்று தொகுப்பு கருக்களும் "3 மணி நேரம்" என்று எழுதிய குழாயில் உண்மையில் மூன்றரை மணி நேரக் கருவாக இருந்திருக்கின்றன. மௌனம் என்று நான் நினைத்த மாதிரியில் மரபணுத்தொகுதி ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தது. முடிவு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. குற்றம் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கி அளக்கும் முறை) என்று இரண்டு வாரம் பிரைமரை (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று காட்டும் சின்ன டிஎன்ஏ) திட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டத்தைக் கண்ணால் பாருங்கள். ஆரம்பத்தில் ஏறக்குறைய கால் மணிக்கு ஒருமுறை செல்கள் இரட்டிக்கும். 8 செல் கட்டத்தில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்கு. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். ஆயிரம் செல் கட்டத்தில் மஞ்சள் கருவின் மேல் ஒரு பந்து மேடாக நிற்கும். 4.3 மணிக் கட்டத்தில் மஞ்சள் கரு அந்தப் பந்துக்குள் குவிந்து ஏறியிருக்கும். சாதாரண ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் போதும். வெள்ளையாக மங்கியவற்றையும் பிளவுபடாதவற்றையும் ஒன்றரை மணி நேரத்திலேயே உறிஞ்சி எறிந்துவிடுங்கள்.

6. எம்நேஸ்: நியூக்ளியோசோமைக் கண்ணால் பார்க்கும் வழி

திறந்த குரோமேட்டினை மரபணுத்தொகுதி முழுக்கப் படித்துக் காட்டும் ஏடாக் சீக்வென்சிங் போன்றவை நம் பட்ஜெட்டில் இல்லை. மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற நொதி, சுருக்கமாக எம்நேஸ், நியூக்ளியோசோம்களுக்கு நடுவில் உள்ள திறந்த டிஎன்ஏவை வெட்டும். சுற்றிய பகுதி தப்பிக்கும். டிஎன்ஏவை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் ஏறத்தாழ 150 இணை நீளத்தில் ஒரு பட்டை, அதற்கு மேல் ஏறக்குறைய இருநூறு இருநூறு இடைவெளியில் ஏணிப்படி. அந்த ஏணி முதல் முறை தெரிந்த அன்று நான் யுவி விளக்கை அணைக்கவே இல்லை.

முதலில் எத்தனை கரு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு செல்லில் சுமார் 3 பிகோகிராம் டிஎன்ஏ. ஆயிரம் செல் கருவில் 3 நானோகிராம். ஜெல்லில் ஒரு வரிசை தெளிவாகத் தெரிய 200 நானோகிராம் வேண்டும். வெட்டாதது ஒரு வரிசை; 2, 5, 10 நிமிடம் வெட்டியவை மூன்று வரிசை. வழியில் இழப்பதையும் சேர்த்தால் 300 கருவுக்கு மேல். கடை மீன் ஒரு ஜோடி எனக்கு அறுபது முதல் நூறு முட்டை கொடுத்தது. ஒரே காலையில் ஆறு ஜோடியாவது முட்டையிட வேண்டும். 2.5 மணி நேரக் கரு என்றால் இருப்பது 256 செல்தான், நாலு மடங்கு கரு வேண்டும். அந்தக் கட்டத்தைக் கைவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் முழு மௌனத்தைக் காட்ட அதுதான் சரியான கட்டம். இதையும் அறிக்கையில் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே நொதியோடு பழக அரிய கருவை வீணாக்காதீர்கள். 24 மணி நேரக் கருவில் செல்கள் பல ஆயிரம், முப்பது நாற்பது கருவே போதும். கை பழகியபின் 3 மணிக் கருவுக்குப் போங்கள்.

செய்முறை சுருக்கமாக: புரோனேஸில் சில நிமிடம் வைத்து உறையைக் கழற்றுங்கள். சுண்ணாம்புச் சத்து இல்லாத ரிங்கர் கரைசலில் 200 மைக்ரோலிட்டர் முனையால் மெதுவாக ஏற்றி இறக்கினால் மஞ்சள் கரு உடைந்து கலையும். மெதுவாகச் சுழற்றிச் செல்லை அடியில் இறக்கி மேல் நீரை எடுங்கள். மஞ்சள் கரு மிஞ்சினால் பிறகு எல்லாம் பிசுபிசுக்கும். செல்லை உடைக்கும் கரைசலில் 10 மில்லிமோலார் டிரிஸ், 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 3 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.1 சதவீதம் ஐஜிபால். ஐஸில் ஐந்து நிமிடம். அடியில் இறங்குவது உட்கரு. 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்து 37 டிகிரியில் நொதியை விடுங்கள். இடிடிஏவும் எஸ்டிஎஸ்ஸும் போட்டு நிறுத்துங்கள். புரோட்டினேஸ் கே, டிஎன்ஏ பிரிப்பு, 2 சதவீத ஜெல்.

இனி என் பெரிய தோல்வி. மூன்று முறை நொதி வெட்டவே இல்லை. ஜெல்லின் தலையில் ஒரே கட்டி. நொதி கெட்டுவிட்டது, 8,500 ரூபாய் போச்சு என்று அழுதேன். துறையில் காலங்காலமாக இருக்கும் "உட்கருக் கரைசல்" பாட்டிலைத்தான் எடுத்திருந்தேன். நாலாவது முறை சீட்டைத் திருப்பிப் படித்தால் பின்பக்கம் பென்சிலில்: இடிடிஏ 5 மில்லிமோலார். எம்நேஸுக்குக் கால்சியம் இல்லாமல் உயிர் இல்லை. இடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் ஊற்றிய கால்சியம் 1, உள்ளே இருந்த இடிடிஏ 5. நிறுத்துவதற்குப் போடுகிற மருந்தை முதலிலேயே போட்டுவிட்டு மூன்று வாரம் காத்திருந்திருக்கிறேன். கரைசலை நீங்களே கலக்குங்கள். அடுத்தவர் பாட்டிலைத் தொடாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. அதிக நேரம் விட்டால் ஏணி மறைந்து ஒரே பட்டை, பிறகு அதுவும் தேயும். பிசிஆருக்கு 150 பட்டை பெரும்பாலும் உருவாகி, 350 பக்கத்தில் லேசாக ஒன்று மிச்சமிருக்கும் நிலையே நல்லது. 3 மணிக் கருவையும் 4.3 மணிக் கருவையும் ஒரே அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடே செல்லாது.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஐஸ் இயந்திரம் பழுது. அப்பா தெர்மாகோல் பெட்டியில் படகு ஐஸ் கொண்டுவந்து துறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் குழாயை நேராகச் செருகியதில் உருகிய நீர் மூடி வழியாக உள்ளே போய் ஒரு மாதிரி கெட்டது. ஒரு பீக்கரைப் புதைத்து அதற்குள் குழாயை நிறுத்துங்கள். ஆய்வகம் முழுக்க இரண்டு நாள் சங்கரா மீன் வாசனை அடித்ததற்கு ஹெச்ஓடி ஒன்றும் சொல்லவில்லை.

7. பிசிஆரில் இரண்டு பொறி

எம்நேஸுக்குத் தப்பிய டிஎன்ஏவில் நம் ஜீனின் தொடக்கப் பகுதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பிசிஆரில் அளக்கிறோம். குறைவாக மிஞ்சினால் அங்கே நியூக்ளியோசோம் குறைவு. ஒன்று, பிரைமர் நீளம். ஒற்றை நியூக்ளியோசோம் டிஎன்ஏ 147 தான். நீங்கள் பெருக்கப் போகும் துண்டு 70 முதல் 100-க்குள் இருக்க வேண்டும். நான் முதலில் 180 நீளத்துக்கு வடிவமைத்தேன். நியூக்ளியோசோம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதுவும் வராது. நாலு ஜோடிப் பிரைமர் குப்பைக்கு.

இரண்டு, ஜீன் தேர்வு. பெயர் பிடித்ததால் "நோ டெயில்" ஜீனை எடுத்தேன், இது கெட்டால் மீனுக்கு வால் வளராது. ஆனால் 4.3 மணிக் கருவில் அது விளிம்பில் உள்ள செல்களில்தான் வேலை செய்கிறது. முழுக் கருவையும் அரைத்தால் விளிம்புச் செல்லின் திறப்பு மற்றவற்றின் மூடலில் கரைந்துவிடும். ஜீப்ரா மீன் தகவல் தளமான இசட்ஃபினில் ஒவ்வொரு ஜீனுக்கும் கருவில் எங்கே தெரிகிறது என்று படம் இருக்கிறது, இலவசம். கரு முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கும் ஜீன்களை எடுங்கள். மூடியே இருக்க வேண்டிய ஒப்பீட்டுக்கு ஹீமோகுளோபின் ஜீன் நல்லது, ரத்தம் வரப் பல மணி நேரம் ஆகும்.

ஆர்என்ஏ அளவையும் பார்க்கிறீர்கள் என்றால், அதே முட்டைத் தொகுப்பிலிருந்து இருபது கருவைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரே ஒரு ஒப்பீட்டு ஜீனை நம்ப வேண்டாம். இந்தக் கட்டத்தில் தாயின் எம்ஆர்என்ஏ அழிந்துகொண்டும் கருவினுடையது ஏறிக்கொண்டும் இருக்கும், எதுவும் நிலையாக நிற்காது. மீனில் இல்லாத ஓர் ஆர்என்ஏவைத் தெரிந்த அளவில் ஆரம்பத்திலேயே கலந்துவிட்டு அதோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

8. எனக்கு ஆன செலவு

மீன் இரண்டு தடவையும் சேர்த்து 900. தொட்டி, ஹீட்டர், காற்று பம்ப், டைமர் 3,400. தீவனம், கேன் தண்ணீர், மெத்திலீன் நீலம் 2,600. எம்நேஸ் 8,500. மற்ற ரசாயனங்கள் 6,000. க்யூபிசிஆர் கலவை 7,500. பிரைமர் 2,800, அதில் பாதி மேலே சொன்ன குப்பை. வெளி ஆய்வகத்தில் இயந்திரக் கட்டணம் ஐந்து ஓட்டத்துக்கு 6,000. பயணம், அச்சு, பைண்டிங் 2,700. மொத்தம் 40,400 ரூபாய்.

நொதியையும் கலவையையும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். ஒரு குப்பியை ஒருவரால் தீர்க்க முடியாது. நான் தனியாக வாங்கினேன், மிச்சம் ஃப்ரீசரில் கிடக்கிறது. ஆர்டர் போட்டால் குளிர்பெட்டியில் வர எனக்கு மூன்று வாரம் ஆனது. பொங்கல் விடுமுறை நடுவில் வந்தால் அலுவலகத்தில் யார் வாங்கி ஃப்ரீசரில் வைப்பார் என்று முன்பே பேசிவையுங்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட உதவிக்கும் விண்ணப்பியுங்கள், அது கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். அறிவிப்பு வந்ததா என்று துறையில் நச்சரித்துக்கொண்டே இருங்கள்.

இதைவிட மலிவாக வேண்டுமென்றால் வால்புரோயேட் வழி இருக்கிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மருந்து. ஹிஸ்டோனிலிருந்து, சுற்றைத் தளர்த்தும் அசெட்டைலை எடுக்கும் நொதிகளைத் தடுக்கும். கருவுக்குக் கொடுத்தால் மார்புத் துடுப்பும் முகக் குருத்தெலும்பும் சரியாக வளராது. படம் எடுத்து அளந்தாலே ஒரு ப்ராஜெக்ட். மருந்துக்கடை சிரப்பை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் சர்க்கரை, சாயம் எல்லாம் இருக்கும், எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

9. மீன் அனுமதி கிடைக்காவிட்டால்

டிசம்பர் வரை ஒப்புதல் வரவில்லை என்றால் மீனை விட்டுவிடுங்கள். ஜீப்ரா கருவின் குரோமேட்டின் தரவுகளைக் கட்டம் கட்டமாகத் திரட்டிய டேனியோ-கோட் தொகுப்பு 2022-இல் வெளியாகி இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. கேலக்ஸி என்ற இணைய ஆய்வுத் தளத்தில் உங்கள் லேப்டாப்பைக் கஷ்டப்படுத்தாமல் ஆராயலாம். ஒரே பொறி: மரபணு வரைபடத்தின் பதிப்பு. பழைய பதிப்பு பத்தில் உள்ள முகவரியைப் பதிப்பு பதினொன்றில் தேடினால் வேறு ஜீன் வந்து நிற்கும். எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். செலவு, டேட்டா ரீசார்ஜ் மட்டும்.

10. வைவாவும் மிச்ச மீனும்

வெளித் தேர்வாளர் கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். "குரோமேட்டின் திறந்ததால ஜீன் ஓடுதா, ஜீன் ஓடுறதால திறக்குதா?" எம்நேஸ் முடிவு இதற்குப் பதில் சொல்லாது. சொல்லும் என்று வாதாடாதீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்பது வரைதான் உங்கள் தரவு. அதற்கு மேல் மற்றவர்கள் செய்ததைச் சொல்லுங்கள். பவ்5எஃப்3, நானாக், சாக்ஸ்19பி என்ற மூன்று முன்னோடிப் புரதங்கள் இல்லாத கருவில் அந்த இடங்கள் சரியாகத் திறப்பதும் இல்லை, பல ஜீன்கள் தொடங்குவதும் இல்லை. கருவில் ஹிஸ்டோனைக் கூட்டினால் விழிப்பு தாமதமாகிறது, குறைத்தால் முந்துகிறது. இந்த இரண்டையும் சொன்னேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிந்ததும் மிச்ச மீனை ரெட்டேரியில் விடாதீர்கள், அது அந்த ஏரியின் மீன் அல்ல. கடைக்கும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. படிவத்தில் என்ன எழுதினீர்களோ அதையே செய்து, பதிவேட்டில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். என் பதிவேட்டில் 25, தொட்டியில் 24. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். தொட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. ஜீப்ரா நன்றாகக் குதிக்கும். முதல் நாளே மூடி வாங்கிவிடுங்கள், 80 ரூபாய்.